முட்டைக்குள் திணறும் குஞ்சு: எப்போது காத்திருப்பது, எப்போது கை கொடுப்பது

"ராத்திரியே கொத்தி ஓட்டை போட்டுருச்சு. விடிஞ்சும் வெளிய வரல. நானே உடைச்சு விட்டுறவா?"

நாட்டுக்கோழி வளர்ப்பில் புதிதாக இறங்கியவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். பெரும்பாலும் விடியற்காலையில் போன் வரும். குரலில் பதற்றம் இருக்கும், பின்னால் குஞ்சு கத்துவதும் கேட்கும். நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்று: "எத்தனை மணிக்குக் கொத்தியது?" பதில் பத்துப் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் இருந்தால், பெட்டியை மூடிவிட்டு வேறு வேலையைப் பார்க்கச் சொல்லிவிடுவேன்.

இப்படிச் சொல்லும் துணிவு ஒரு குஞ்சைக் கொன்ற பிறகுதான் எனக்கு வந்தது. தெர்மாகோல் பெட்டியில் நானே செய்த இன்குபேட்டரில், அதாவது முட்டை பொரிக்கும் பெட்டியில், முதல் முறை பன்னிரண்டு சிறுவிடை நாட்டுக்கோழி முட்டைகள் வைத்திருந்தேன். இருபதாம் நாள் இரவு பத்து மணிக்கு ஒரு முட்டையில் நட்சத்திரம் போல விரிசல் விழுந்தது. காலை ஆறு மணி வரை அது அப்படியே இருந்தது. பாவம், பலமில்லை போலிருக்கிறது என்று நகத்தால் ஓட்டைப் பெயர்த்தேன். இரண்டாவது துண்டு வரும்போதே சிவப்பாக ஒரு கோடு தெரிந்தது, அடுத்த நொடி ரத்தம் வழிந்தது. வயிற்றுக்கு வெளியே மஞ்சள் கரு இன்னும் கோலிக்குண்டு அளவுக்குத் தொங்கியது. மதியத்துக்குள் குஞ்சு இறந்துவிட்டது. அதே வரிசையில் நான் தொடாத ஏழு முட்டைகளும் மாலைக்குள் தானாகவே பொரிந்தன. இறந்ததும் பலவீனமான குஞ்சு இல்லை. அது தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது, நான்தான் குறுக்கே போய்விட்டேன்.

அந்த வேலை என்னவென்று தெரிந்துகொண்டால் பாதிப் பதற்றம் போய்விடும்.

ஓட்டுக்குள் நடப்பது

கோழி முட்டைக்கு 21 நாள் கணக்கு. பதினெட்டாம் நாளில் குஞ்சு முட்டையை முழுதாக அடைத்துக்கொண்டிருக்கும். மழுங்கிய முனையில் இருக்கும் காற்றறை மட்டும்தான் காலி. அதுவரை குஞ்சு நுரையீரலால் மூச்சு விடுவதில்லை. ஓட்டின் உட்பக்கச் சவ்வு முழுக்க வலை போல ரத்தக்குழாய்கள் படர்ந்திருக்கும். ஓட்டின் நுண்துளைகள் வழியே வரும் காற்றை அந்த வலைதான் வாங்கிக் கொடுக்கிறது. டார்ச் அடித்தால் சிவப்பு நரம்புகளாகத் தெரிவது அதுதான்.

பத்தொன்பது, இருபதாம் நாளில் குஞ்சு தலையைத் தூக்கி, காற்றறைக்கும் தனக்கும் நடுவில் இருக்கும் சவ்வை மூக்கால் கிழிக்கும். இதை உள்கொத்து என்போம். நுரையீரல் முதல்முறையாகக் காற்றைத் தொடுவது அப்போதுதான். முட்டையைக் காதோரம் வைத்தால் கீச்சுச் சத்தம் கேட்கும். காற்றறையில் இருப்பது கொஞ்சம் காற்றுதான். அதில் உயிர்வளி குறையக் குறையக் கரியமில வாயு கூடும், கழுத்தின் பின்தசை துடிக்கத் தொடங்கும். மேல் அலகின் நுனியில் வெள்ளையாக ஒரு கூர்முனை உண்டு, முட்டைப்பல் என்று பெயர். கழுத்து துடிக்கும்போது அது ஓட்டில் இடித்து வெளியே விரிசல் விழுகிறது. இது வெளிக்கொத்து. உள்கொத்துக்கும் வெளிக்கொத்துக்கும் நடுவே அரை நாள் முதல் ஒரு நாள் வரை ஆகலாம்.

வெளிக்கொத்துக்குப் பிறகு ஓர் அமைதி வரும். பன்னிரண்டு மணி நேரம், பதினெட்டு மணி நேரம், சில சமயம் இருபத்து நான்கு மணி நேரம் எதுவுமே நடக்காதது போலிருக்கும். புதியவர்கள் தப்பு செய்வது இங்கேதான். உள்ளே அப்போது மூன்று வேலைகள் நடக்கின்றன. சவ்வில் படர்ந்திருந்த குழாய்களில் இருந்து ரத்தம் மெல்ல உடலுக்குள் திரும்புகிறது. மிச்சமிருக்கும் மஞ்சள் கரு தொப்புள் வழியே வயிற்றுக்குள் போகிறது. மூச்சு விடும் பொறுப்பு முழுதாக நுரையீரலுக்கு வருகிறது. இவை முடிந்ததும் குஞ்சு உள்ளேயே மெதுவாகச் சுழன்று, மழுங்கிய முனையைச் சுற்றி மூடி வெட்டுவது போல ஓட்டை வெட்டிக்கொண்டு போகும், கடைசியில் காலால் உந்தி வெளியே வரும். இந்த வெட்டு சில நிமிடத்தில் முடிவதும் உண்டு, ஒன்றிரண்டு மணி நேரம் இழுப்பதும் உண்டு.

ரத்தம் திரும்பாத நேரத்தில் ஓட்டைப் பெயர்த்தால் குழாய் அறுகிறது. அவ்வளவு சிறிய உடம்பு நாலைந்து சொட்டு ரத்தம் போனாலே தாங்காது. ஆகவே இந்தக் கட்டுரையில் எந்த விதி மறந்தாலும் ஒன்றை மறக்க வேண்டாம்: சவ்வில் சிவப்புக் குழாய் தெரிந்தால் கையை எடுத்துவிட வேண்டும். குஞ்சு எவ்வளவு கத்தினாலும் சரி.

உதவி தேவைப்படாமல் பார்த்துக்கொள்வது

திணறும் குஞ்சுகளில் பெரும்பாலானவை நம் பெட்டியின் கோளாறால் திணறுபவை. ஆகவே இதில் கொஞ்சம் பொறுமையாக நிற்கிறேன்.

மின்விசிறி வைத்த இன்குபேட்டரில் வெப்பம் 37.5 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். விசிறி இல்லாத பெட்டியில் மேலே ஒரு வெப்பம், கீழே ஒரு வெப்பம் இருக்கும். அங்கே முட்டையின் மேல்மட்டத்தில் வைத்து அளந்து 38.5 அருகே வைக்க வேண்டும். கடையில் கிடைக்கும் மலிவான தெர்மோஸ்டாட் பலகைகள் ஒரு டிகிரி வரை தப்பாகக் காட்டுவதுண்டு. காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரையும் அந்தச் சென்சாரையும் ஒரே வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து ஒப்பிட்டால் எவ்வளவு தப்பு என்று தெரிந்துவிடும். முட்டை அடுக்குவதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள். வெப்பம் குறைந்தால் பொரிப்பு தள்ளிப்போகும், குஞ்சு சோர்ந்து ஒட்டும் பசையுமாக வரும். கூடினால் சீக்கிரமே பொரிந்து, தொப்புள் மூடாமல் வரும்.

ஈரப்பதம் முதல் பதினெட்டு நாள் 45 முதல் 55 சதவீதம், கடைசி மூன்று நாள் 65 முதல் 70 சதவீதம். நம் ஊரில் இதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்ய முடியாது. கடற்கரை ஊர்களில் மழைக்காலத்தில் தண்ணீர்க் கிண்ணமே வைக்காமல் 60 தாண்டிவிடும். சித்திரை மாதத்தில் திண்டுக்கல், விருதுநகர்ப் பக்கம் இரண்டு கிண்ணம் வைத்தாலும் ஏறாது. ஈரப்பதமானியை முழுதாக நம்ப முடியாவிட்டால் தராசை நம்பலாம். அடைக்கு வைத்த முட்டை பதினெட்டாம் நாளுக்குள் 11 முதல் 13 சதவீதம் எடை குறைந்திருக்க வேண்டும். 45 கிராம் இருந்த நாட்டுக்கோழி முட்டை 40 கிராம் அருகே வந்திருந்தால் சரி. 43 கிராமிலேயே நின்றால் உள்ளே தண்ணீர் அதிகம், காற்றறை சிறியது. அந்தக் குஞ்சு நீரில் மூழ்கியது போலத் திணறும்.

பதினெட்டாம் நாள் முட்டை திருப்புவதை நிறுத்தி, ஈரத்தை ஏற்றி, பெட்டியை மூடிவிட வேண்டும். அதற்கப்புறம் திறக்கக் கூடாது. வெளிக்கொத்து விழுந்த முட்டைகள் உள்ளே இருக்கும்போது மூடியைத் திறந்தால் ஈரக்காற்று ஒரே மூச்சில் வெளியேறிவிடும், கொத்திய ஓட்டை வழியே சவ்வு காயும். காய்ந்த சவ்வு குஞ்சின் மேல் காகிதம் போல இறுகிவிடும். அதனால் சுழல முடியாது. ஒன்று பொரிந்துவிட்டதே என்று எடுக்கப் போய், கொத்திக்கொண்டிருக்கும் மூன்றைச் சிக்கவைத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பொரிந்த குஞ்சு உள்ளேயே ஒரு நாள் இருக்கட்டும். வயிற்றுக்குள் போன மஞ்சள் கரு அதற்கு இரண்டு மூன்று நாளுக்குச் சோறு.

எங்கள் அம்மாச்சிக்கு ஈரப்பதம் என்ற சொல்லே தெரியாது. ஆனால் அடைக்கூடைக்கு அடியில் ஆற்றுமணலைப் பரப்பி, கோடைக்காலத்தில் கடைசி நாட்களில் அந்த மணலின் ஓரத்தில் தண்ணீர் தெளிப்பார். இடிக்குப் பயந்து இரும்புத் துண்டும் கரியும் மிளகாயும் வைப்பார். கடைசி மூன்று நாள் பிள்ளைகள் யாரும் அந்த மூலைக்கே போகக் கூடாது. "அடையப் போட்டு நோண்டாத, கோழி எந்திரிச்சா குஞ்சு போயிரும்" என்பார். இரும்பும் மிளகாயும் என்ன செய்தனவோ, மணலில் தெளித்த தண்ணீரும் நோண்டாமல் விட்டதும் இன்றைய இன்குபேட்டர் விதிகளேதான்.

இன்னொன்று தாய்க்கோழியின் தீவனம். வெறும் நெல்லும் சோறும் தின்கிற கோழியின் முட்டையில் சத்துக் குறைவு இருக்கும். பி2 எனப்படும் ரைபோஃப்ளேவின் போதாவிட்டால் கரு கடைசி நாட்களில் இறப்பதும், கால்விரல் சுருண்ட குஞ்சு பிறப்பதும் நடக்கும். அடைக்கு முட்டை சேர்க்கிற காலத்தில் கீரை, அசோலா என்ற நீர்ப்பாசி, முருங்கை இலை ஏதாவது தினமும் போடுங்கள்.

அடைக்கோழி கைவிட்ட முட்டைகள்

இன்குபேட்டர் இல்லாதவர்களுக்கு வரும் சிக்கல் வேறு. முதலில் பொரிந்த ஏழெட்டுக் குஞ்சுகள் இறங்கி ஓடத் தொடங்கியதும் கோழி அவற்றின் பின்னால் போய்விடும். பின்தங்கிய இரண்டு மூன்று முட்டைகள் கூடையில் ஆறிக்கொண்டிருக்கும். அடைக் கூடையில் வேறு கோழிகள் ஏறி நடுவில் முட்டை இட்டுப் போவதுதான் இதற்கு முக்கியக் காரணம். வைக்கும் நாளன்றே ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் தேதி எழுதிவிட்டால், அப்புறம் வந்து சேர்ந்ததைத் தினமும் எடுத்துவிடலாம்.

கைவிட்ட முட்டை தொடுவதற்குக் குளிர்ந்திருந்தாலும் உடனே தூக்கிப் போடாதீர்கள். காதில் வைத்துப் பாருங்கள். டார்ச் அடித்துக் காற்றறைக்குள் நிழல் அசைகிறதா என்று பாருங்கள். உயிர் இருந்தால், அடையில் இருக்கும் இன்னொரு கோழியின் கீழ் வைப்பதுதான் சிறந்த வழி. கோழி இல்லையென்றால் ஒரு அட்டைப்பெட்டியில் 40 வாட் குண்டு பல்பு, ஓரத்தில் ஈரத்துணி, முட்டையருகே தெர்மாமீட்டர். எல்.இ.டி. பல்பு சூடு தராது என்பதை மறந்து இரவெல்லாம் எரியவிட்டவர்கள் உண்டு. மின்சாரம் போனால் வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றி முட்டைக்கு அருகில் வையுங்கள். ஓட்டோடு ஒட்டி வைக்க வேண்டாம்.

முட்டையை வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டு ஆடுகிறதா என்று பார்க்கும் பழக்கம் கிராமங்களில் உண்டு. கொத்து விழுந்த முட்டையில் இதைச் செய்யவே கூடாது. முடி போல மெல்லிய விரிசலாக இருந்தாலும் அதன் வழியே தண்ணீர் உள்ளே போய்க் குஞ்சு மூழ்கிவிடும். கையில் டார்ச் இருக்கும்போது தண்ணீர்ச் சோதனையே தேவையில்லை என்பது என் கருத்து.

தலையிட வேண்டிய நேரம்

கடிகாரமும் கண்ணும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். கொத்து விழுந்த நேரத்தை முட்டையின் மேலேயே எழுத முடியாவிட்டால் பெட்டிக்கு மேல் ஒரு தாளில் எழுதி வையுங்கள். நினைவை நம்ப வேண்டாம், விழித்திருக்கிற இரவில் இரண்டு மணி நேரம் ஐந்து மணி நேரமாகத் தோன்றும்.

உள்ளே கத்துகிறது, காற்றறையில் மூக்கு அசைவது தெரிகிறது, ஆனால் ஒரு நாளுக்கு மேலாகியும் வெளியே விரிசல் இல்லை. இதற்கு முழு உதவி வேண்டாம், மூச்சு வழி மட்டும் போதும். கொதிநீரில் போட்டு எடுத்த ஊசி அல்லது கூர்மையான சிறிய திருகாணியைக் கையால் மெல்லத் திருகி, காற்றறைக்கு நேர் மேலே கடுகு அளவு துளை போடுங்கள். முன்பே டார்ச் அடித்துக் காற்றறையின் எல்லையைப் பென்சிலால் வரைந்துகொண்டு, அந்தக் கோட்டுக்கு உள்ளே மட்டும் போட வேண்டும். துளை போட்ட பிறகு குஞ்சு இன்னும் ஒரு நாள் எடுத்துக்கொள்ளலாம்.

வெளிக்கொத்து விழுந்து 24 மணி நேரம் தாண்டியும் ஓட்டை பெரிதாகவில்லை என்றால் சோதித்துப் பார்க்கலாம். வெட்டத் தொடங்கி, கால்வட்டம் வந்து, அப்படியே நின்று இரண்டு மணி நேரமாகிவிட்டது என்றால் அதற்கு முன்பே பார்க்கலாம், ஏனென்றால் வெட்டத் தொடங்கிய குஞ்சு ரத்தத்தை ஏறக்குறைய உள்ளே எடுத்துக்கொண்டிருக்கும். ஓட்டையின் விளிம்பில் சவ்வு பழுப்பாகி, காய்ந்த வெங்காயச் சருகு போல இருந்தால் அது காய்ந்து சிக்கிய குஞ்சு. விளிம்பில் தேன் போலப் பிசுக்கு வழிந்து கெட்டியாகி, மூக்கை அடைத்தால் அது ஈரம் கூடிய குஞ்சு. மூக்கு அடைபடுவது மட்டும் காத்திருக்க முடியாத விஷயம். ஈரப் பஞ்சுக்குச்சியால் மூக்குத் துளையைத் துடைத்துவிட்டு மற்றதை அப்படியே விடலாம்.

ஓடு விரிந்திருக்கிறது, ஆனால் உள்ளே வெள்ளைச் சவ்வு கிழியாமல் மூக்கின் மேல் பலூன் போல ஏறி இறங்குகிறது. இதற்கும் உடனே வழி செய்ய வேண்டும். இடுக்கியால் மூக்கு நுனியில் மட்டும் சவ்வில் ஒரு சிறு கிழிசல் போதும்.

கூர்முனையில் கொத்தியிருந்தால் குஞ்சு தலைகீழாக இருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பக்கம் காற்றறை இல்லை, சுழன்று வெட்ட இடமும் குறைவு. சிலது தானே வந்துவிடும், பலதுக்கு உதவி வேண்டியிருக்கும். ஆனால் இவற்றில் ரத்தம் திரும்ப அதிக நேரம் எடுக்கும். அதனால் மூச்சு வழியை மட்டும் திறந்து வைத்துவிட்டு, வழக்கத்தைவிட நீண்ட நேரம் காத்திருங்கள்.

குஞ்சு வாயைத் திறந்து திறந்து மூடுவதும், எதையோ மெல்லுவது போல அசைப்பதும் தெரிந்தால் அது இன்னும் மஞ்சள் கருவை இழுத்துக்கொண்டிருக்கிறது. அந்த முட்டையைப் பெட்டிக்குள்ளேயே மறுபடி வைத்துவிடுங்கள். எந்தக் கணக்கும் அதற்கு மேல் இல்லை.

வாத்து வளர்ப்பவர்களுக்கு ஒரு சொல். வாத்து முட்டை 28 நாள், மணிலா வாத்து 35 நாள். கொத்திய பிறகு வெளியே வர ஒன்றரை நாள் இரண்டு நாள் ஆவது அவற்றில் இயல்பு. கோழிக் கணக்கை அங்கே போடாதீர்கள்.

கை வைப்பதற்கு முன்

அறையின் மின்விசிறியை நிறுத்தி, சன்னல் கதவைச் சாத்துங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நகத்தை வெட்டிக்கொள்ளுங்கள். கொதிக்கவைத்து வெதுவெதுப்பாக ஆறிய தண்ணீர், நுனி மழுங்கிய இடுக்கி, பஞ்சுக்குச்சி, டார்ச், சுத்தமான பருத்தித் துணி, உருகிய தேங்காய் எண்ணெய் ஒரு கரண்டி, சோளமாவு ஒரு சிட்டிகை, போவிடோன் அயோடின் மருந்து. எல்லாவற்றையும் எடுத்து வைத்த பிறகுதான் பெட்டியைத் திறக்க வேண்டும். திறந்ததும் முட்டையை எடுத்து, உள்ளே அந்த வெதுவெதுப்பான தண்ணீரைத் துளி தெளித்து, உடனே மூடிவிடுங்கள். மற்ற முட்டைகளுக்கு அந்த ஈரம் தேவை.

உதவும் முறை

1. முட்டையை ஈரமான வெதுவெதுப்பான துணியில் சுற்றி, கொத்திய இடம் மட்டும் தெரியும்படி உள்ளங்கையில் பிடியுங்கள். கொத்து மேல்பக்கம் இருக்கட்டும். ஒரு தடவைக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் பெட்டிக்கு வெளியே வைக்காதீர்கள்.

2. ஓட்டையின் விளிம்பிலிருந்து காற்றறைப் பக்கமாக, அரிசி அளவு ஓட்டுத் துண்டுகளை மட்டும் இடுக்கியால் பெயர்த்தெடுங்கள். ஓடு மட்டும் வர வேண்டும், சவ்வு அப்படியே இருக்கட்டும். காற்றறைக்கு மேலிருக்கும் ஓட்டில் பயமில்லை. காற்றறையின் எல்லைக்குக் கீழேதான் ரத்தக்குழாய்கள்.

3. வெளிப்பட்ட சவ்வில் பஞ்சுக்குச்சியால் வெதுவெதுப்பான தண்ணீர் தடவுங்கள். காய்ந்திருக்கும்போது எல்லாச் சவ்வும் வெள்ளையாகத்தான் தெரியும். நனைந்ததும் கண்ணாடி போலாகி, உள்ளிருப்பதைக் காட்டிவிடும். தண்ணீர் சீக்கிரம் காய்வதால் நான் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தடவுவேன். மூக்குத் துளைக்குப் பக்கத்தில் எண்ணெயோ தண்ணீரோ போகவே கூடாது.

4. இப்போது டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். குழாய்கள் தடித்து, சிவப்பாக, கிளைகிளையாக ஓடினால் இன்னும் நேரம் வரவில்லை. மூக்கு வெளியே மூச்சு விடும்படி இருக்கிறதா என்று மட்டும் உறுதி செய்துவிட்டு, முட்டையைப் பெட்டிக்குள் வைத்து மூடுங்கள். நான்கு முதல் ஆறு மணி நேரம் கழித்து மறுபடி பார்க்கலாம். குழாய்கள் மங்கி, வெறும் பழுப்புக் கோடுகளாக, நூல் போலச் சுருங்கியிருந்தால் தொடரலாம்.

5. எதிர்பாராமல் ஒரு துளி ரத்தம் வந்துவிட்டால் நிறுத்திவிடுங்கள். பஞ்சு நுனியில் சோளமாவு தொட்டு, அந்த இடத்தில் மென்மையாக ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். நின்றதும் பெட்டிக்குள் வைத்து, ஆறு மணி நேரமாவது தொடாதீர்கள். ஒரு துளியோடு நின்றால் பிழைத்துவிடும், பயந்து மேலும் கிளறினால்தான் போகும்.

6. ரத்தம் இல்லையென்று உறுதியானால், குஞ்சு தானே வெட்டியிருக்கும் வழியிலேயே மழுங்கிய முனையைச் சுற்றி மூடி போல ஓட்டைப் பெயர்த்துக்கொண்டு வாருங்கள். அலகின் மேல் ஒட்டியிருக்கும் சவ்வை ஈரப்படுத்தி, முகத்திலிருந்து விலக்குங்கள். தலை பெரும்பாலும் வலது இறக்கைக்கு அடியில் மடங்கியிருக்கும். அலகைப் பிடித்து இழுக்காமல், இறக்கையை விரல் நுனியால் சற்றே தள்ளினால் தலை தானாக எழும்.

7. தலை வெளியே வந்ததும் நிறுத்திவிடுங்கள். கீழ்ப்பாதி ஓடு அப்படியே இருக்கட்டும். ஈரத்துணி மேல் படுக்கவைத்துப் பெட்டிக்குள் வையுங்கள். மிச்சத்தைக் குஞ்சே காலால் உந்தி முடிக்க வேண்டும். வயிற்றுப் பக்கம் மஞ்சள் கருவும் தொப்புளும் எந்த நிலையில் இருக்கின்றன என்று நமக்குத் தெரியாது. அதனால்தான் அந்தப் பாதியை நான் எப்போதும் தொடுவதில்லை.

ஏழாவது படியில் பொறுமை போய்விடும். தலை வெளியே வந்து, கண் திறந்து பார்க்கிற குஞ்சை அப்படியே விட்டுப் போக மனம் வராது. ஆனாலும் போக வேண்டும். பலதும் ஒரு மணி நேரத்துக்குள் உதைத்து வந்துவிடும். சிலது தலையை வைத்துத் தூங்கிவிட்டு, நாலு மணி நேரம் கழித்து வரும். ஓடு காய்ந்து உடம்பில் ஒட்டிப் பிடித்திருந்தால் மட்டும், ஒட்டிய இடத்தை வெதுவெதுப்பான தண்ணீரால் ஊறவைத்து விடுவிக்கலாம்.

வெளியே வந்த பிறகு

முதலில் தொப்புளைப் பாருங்கள். கடுகு அளவில் காய்ந்த முடிச்சு இருந்தால் இயல்பு. ஓட்டோடு இணைத்து நூல் போல ஏதாவது தொங்கினால் இழுக்காதீர்கள். அது தானே காய்ந்து விழும். தொப்புளில் போவிடோன் அயோடின் ஒரு துளி தொட்டு வையுங்கள். மஞ்சள் கரு இன்னும் வெளியே தெரிகிறது என்றால், சின்ன டம்ளருக்குள் ஈரமான மெல்லிய தாளைப் பரப்பி, குஞ்சை அதில் உட்கார்ந்த நிலையில் நிறுத்தி, இன்குபேட்டருக்குள்ளேயே வையுங்கள். அசைய இடம் குறைவாக இருந்தால் பை கிழியாது. பல குஞ்சுகள் ஒரு நாளைக்குள் அதை உள்ளே இழுத்துவிடும். அமுக்கித் திணிப்பதும் கத்தரிப்பதும் உயிரை எடுத்துவிடும்.

கழுத்தின் பின்புறம் வீங்கியது போலிருக்கும். அது ஓட்டை உடைக்க உழைத்த தசை, ஓரிரு நாளில் வடிந்துவிடும். பசையோடு பிறந்த குஞ்சின் இறகு ஒட்டிக் காய்ந்து முள் போல நிற்கும். மறுநாள் வெதுவெதுப்பான ஈரத்துணியால் துடைத்து, சூட்டில் காயவைத்தால் போதும், முதல் நாளே குளிப்பாட்ட வேண்டாம்.

உதவி பெற்றுப் பிறந்த குஞ்சுகளில் கால் விரிந்து நழுவுவதைக் கொஞ்சம் அதிகம் பார்க்கலாம். செய்தித்தாள் விரித்த தரையில் அது மோசமாகும். சாக்குத் துணியோ உமியோ பரப்புங்கள். கால் இரண்டும் பக்கவாட்டில் போனால், மருந்துக்கடை ஒட்டுத்துணியை மெல்லிய பட்டையாக வெட்டி, இரு கால்களுக்கும் நடுவே ஓர் அங்குல இடைவெளி விட்டு விலங்கு போலக் கட்டிவிடுங்கள். மூன்று நான்கு நாளில் நேராகிவிடும். முதல் இரண்டு நாளுக்குள் கட்டினால்தான் பலன் அதிகம்.

வலுக்கட்டாயமாகத் தண்ணீர் புகட்ட வேண்டாம். காய்ந்து, தானாக நின்ற பிறகு அலகு நுனியைக் கருப்பட்டி கலந்த தண்ணீரில் ஒரு முறை தொட்டுக்காட்டினால் கற்றுக்கொள்ளும். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போடுங்கள், சோர்ந்த குஞ்சு ஒரு விரற்கடைத் தண்ணீரிலும் மூழ்கும். முதல் வாரம் 35 டிகிரி சூடு, அப்புறம் வாரத்துக்கு மூன்று டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். தீவனமும் வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்தும் மற்றக் குஞ்சுகளுக்குப் போலவேதான். முதல் வாரத்தில் போடும் கண் சொட்டு மருந்தைக் கால்நடை மருந்தகத்தில் கேட்டு வாங்குங்கள்.

எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் சில குஞ்சுகள் இறக்கும். மேல் அலகும் கீழ் அலகும் கத்தரி போல விலகியவை, ஒரு கண் இல்லாதவை, மூளை மூடாதவை ஆகியவை வெளியே வர முடியாததற்குக் காரணம் உள்ளேயே இருந்திருக்கும். ஒரே கோழியின் முட்டையில் மூன்று முறை இப்படி வந்தால் அந்தச் சேவலையும் கோழியையும் பிரித்துவிடுங்கள். உதவி செய்து காப்பாற்றிய குஞ்சை நான் ஆசையாக வளர்ப்பேன். ஆனால் அதன் முட்டையை அடைக்கு வைப்பதற்கு முன் அது ஏன் சிக்கியது என்று யோசிப்பேன். மின்சாரம் போனதால் சிக்கியது என்றால் தயக்கமே இல்லை.

இருபத்து மூன்றாம் நாள் தாண்டியும் அசைவில்லாத முட்டைகளை வெளியே கொண்டுபோய், முகத்தைத் தள்ளி வைத்து உடைத்துப் பாருங்கள். கூமுட்டையாக இருந்தால் வெடிக்கும், ஆகவே வீட்டுக்குள் வேண்டாம். முழு வளர்ச்சியடைந்து, மூக்கு காற்றறையைத் தொடாமல் இறந்திருந்தால் ஈரம் கூடியிருக்கிறது. சவ்வு இறுகி இறந்திருந்தால் ஈரம் போதவில்லை, அல்லது அடிக்கடி திறந்திருக்கிறீர்கள். இதை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். மூன்று ஈடு, அதாவது மூன்று தடவை முட்டை வைத்துப் பொரித்த பிறகு உங்கள் ஊருக்கும் உங்கள் பெட்டிக்கும் ஏற்ற கணக்கு அந்த நோட்டில் இருக்கும், வேறு யாரும் அதைச் சொல்லித்தர முடியாது.

கடைசியாக, குஞ்சைத் தாயிடம் சேர்ப்பது. பகலில் விட்டால் கோழி அந்நியம் என்று கொத்திவிடும். நன்றாகக் காய்ந்து, நடக்கத் தொடங்கிய பிறகு, இருட்டியதும் பஞ்சாரத்துக்குள் (கோழியை மூடிவைக்கும் கூடை) கை விட்டு, கோழியின் வயிற்றுக்கடியில் மற்றக் குஞ்சுகளோடு சேர்த்து மெல்லச் செருகிவிடுங்கள். டார்ச் அடிக்காதீர்கள். கோழி ஒருமுறை தொண்டைக்குள் குரல் கொடுத்து, இறக்கையைத் தாழ்த்திக்கொள்ளும். காலையில் எந்தக் குஞ்சு எதுவென்று உங்களுக்கே அடையாளம் தெரிய வேண்டுமென்றால், செருகுவதற்கு முன் காலில் ஒரு வண்ண நூலைத் தளர்வாகக் கட்டிவிடுங்கள், வாரத்துக்கு ஒருமுறை அவிழ்த்துக் கட்டுங்கள், இல்லாவிட்டால் கால் பருத்ததும் நூல் இறுக்கிவிடும்.